பார்க்காமல் கொடுத்த பரிசு

"சமீபத்தில் என்ன படித்தீர்கள்?" என்று யாராவது என்னைக் கேட்டால், நான் சொல்லுகிற பதில் ஒன்று; நான் படித்தது வேறொன்று. பல வருஷங்களாக இப்படித்தான் காலம் தள்ளி வருகிறேன். இன்று அந்த அந்தரங்கத்தை வாசகர்களிடம் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

என் மேஜையின்மேல் ஒரு ருஷ்ய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. உயர்ந்த நூல் என்று உலகமே ஒப்புக்கொண்ட நூல். அதன் 62ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளமாகச் செருகி வைத்திருக்கிறேன். அந்த டிக்கெட் அங்கே குடியேறி இரண்டு வருஷங்கள் ஆகின்றன. இனி அதைக் காலி செய்யச் சொல்ல எனக்கே மனம் வராது. வீட்டுக்கு வருகிறவர்கள் மேஜையைப் பார்த்துவிட்டு, "ஆஹா!" என்கிறார்கள். நானும் அடக்கமாகச் சிரித்து வைக்கிறேன். ஆனால் என் தலையணைக்கு அடியில் இருக்கும் புத்தகங்கள் வேறு. சென்ற மாதம் அங்கே இருந்தவை துப்பறியும் மாத நாவல்கள் இரண்டு, ரமணிசந்திரன் நாவல் ஒன்று, 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள். கடைசியில் சொன்னதைத் தலையணைக்கு அடியில் வைத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆகையால் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

இந்தப் புத்தகங்களைப் பற்றி என் மனத்தில் உள்ள அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லலாமா? சொல்லலாம் என்றால் எந்த உரிமையில் சொல்லலாம்? இது ஏதோ இலக்கியச் சர்ச்சை மாதிரித் தோன்றும். எனக்கென்னவோ இது ஒழுக்கத்தைச் சேர்ந்த கேள்வி என்றே படுகிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அபிப்பிராயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கல்கியிலிருந்து தொடங்குவோம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாரம் தவறாமல் வந்த கதை அது. 2022லும் 2023லும் மணிரத்னம் அதை இரண்டு படங்களாக எடுத்த பிறகு, புத்தகத்தைத் தொடாதவர்களும் நந்தினியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிற அந்தத் தொடக்கத்தைத் தருமபுரி மாவட்டத்துக்காரனாகிய நான் படிக்கும்போது எனக்கு ஒரு தனிப் பெருமிதம் உண்டாகும். சோழ நாட்டுக்குப் போகிற காவிரி, எங்கள் ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து, நொறுங்கி, மறுபடி ஒன்றுசேர்ந்துதான் கீழே போகிறது. ஆடிப்பெருக்கன்று இங்கே கூடுகிற கூட்டத்துக்கும் குறைவில்லை. கல்கி இங்கிருந்து கதையைத் தொடங்கியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல்கூட உண்டு.

மூன்றாம் தடவையாகப் படித்தபோது தோன்றியதைச் சொல்கிறேன். கல்கியின் சோழ நாட்டில் இரகசியம் என்று ஒன்று இருக்கவே முடியாது. எந்த மாளிகையில் எந்த நள்ளிரவில் யார் எதைப் பேசினாலும், சுவருக்குப் பின்னாலோ தூணுக்குப் பின்னாலோ ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடம்பூர் மாளிகையில் சதிக்கூட்டம் நடக்கிறதென்றால், வந்தியத்தேவன் ஒருவன் ஒளிந்து பார்ப்பது போதாது. மதிலுக்குமேல் ஆழ்வார்க்கடியானின் தலையும் தெரிகிறது. முதல் தடவை படித்தபோது எனக்கு மூச்சு நின்றது. மூன்றாம் தடவை சிரிப்பு வந்தது. ஆனாலும் இரண்டு தடவையும் விளக்கை அணைக்கவில்லை.

இது சின்ன விஷயம். என் மனத்தை உறுத்துகிற விஷயம் வேறு. கதையை இதுவரை படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். சிம்மாசனத்துக்கு ஆசைப்படுகிற மதுராந்தகன், கதையின் முடிவில் மதுராந்தகனே அல்ல. திருக்கோயிலுக்குப் பூ கட்டிக்கொண்டு தேவாரம் பாடித் திரிந்த சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரிய வருகிறது. சரித்திரத்தில் உத்தம சோழன் என்று ஒருவன் அரசாண்டிருக்கிறான். பதவி ஆசை பிடித்த ஒருவன் எப்படி நல்ல அரசனாக மாறினான் என்று காட்ட வேண்டிய இடம் அது. அது கடினமான வேலை. கல்கி என்ன செய்தார்? மனிதனின் மனத்தை மாற்றுவதற்குப் பதிலாக ஆளையே மாற்றிவிட்டார்! கெட்டவன் திருந்த வேண்டியதில்லை. அவன் வேறு யாரோ என்று ஆகிவிட்டால் போதும். ஐந்து பாகங்கள் என் கையைப் பிடித்து அழைத்துவந்தவர், கஷ்டமான இடத்தில் கையை விட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அவரிடம் எனக்கு உள்ள மரியாதை இதனால் குறையவில்லை. மரியாதை இருப்பதனால்தான் வருத்தமும் இருக்கிறது.

அடுத்தது துப்பறியும் மாத நாவல். இந்தத் துறையில் ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கிறார். உட்கார்ந்து எண்ணினால்கூட எண்ணுகிறவனுக்குக் கை வலிக்கும். நான் படித்த இரண்டும் யார் எழுதியவை என்று சொல்லப் போவதில்லை. இந்த வகையைப் பற்றிப் பொதுவாகத்தான் சொல்கிறேன். தருமபுரி பஸ் நிலையத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறினேன். தொப்பூர்க் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து இறங்குவதைக்கூட நான் கவனிக்கவில்லை. சேலத்தில் இறங்குவதற்குள் கொலைகாரன் அகப்பட்டுவிட்டான். பேசின பேச்சுத் தவறாத வியாபாரம்! கதை எனக்கு என்ன வாக்குக் கொடுத்ததோ அதை நிறைவேற்றியது. ஆனால் மறுநாள் காலையில் யோசித்துப் பார்த்தேன்: செத்துப்போனவன் பெயர் என்ன? ஞாபகம் வரவில்லை. பெயர் மறந்தது கிடக்கட்டும். அந்தக் கதையில் செத்தவனுக்காக ஒருவரும் அழவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போலீஸ் வந்தது, டாக்டர் வந்தார், கைரேகை எடுத்தார்கள். அழுவதற்கு மட்டும் ஒரு ஜீவன் வரவில்லை. அதைவிட மோசம், படித்துக்கொண்டிருந்த எனக்கும் அது தோன்றவில்லை. இதில் எழுதினவர் குற்றம் எவ்வளவு, என் குற்றம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது ரமணிசந்திரன். இங்கே நான் என் மானத்தைக் கொஞ்சம் பணயம் வைத்துத்தான் பேச வேண்டும்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கூட்டத்தில் பேசினேன். இத்தகைய குடும்ப நாவல்கள் ரசனையைக் கெடுக்கின்றன, பெண்களைக் கனவிலேயே வைத்திருக்கின்றன என்று வெகு ஆவேசமாகப் பேசிக் கைதட்டலும் வாங்கினேன். மறுநாள் பென்னாகரத்தில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அக்காள் இலை போட்டாள், தண்ணீர் வைத்தாள், சோறு மட்டும் போடவில்லை.

"ஏண்டா தம்பி, நேத்துக் கூட்டத்துல அவ்வளவு பேசினியாமே, அந்த அம்மா புஸ்தகம் எத்தனை படிச்சே?"

"ஒண்ணு ரெண்டு புரட்டிப் பார்த்திருக்கேன் அக்கா."

"புரட்டினியா, படிச்சியா?"

நான் பேசவில்லை.

"வாயில வைக்காமலே உப்பு இல்லேன்னு சொல்ற ஆளுக்கு நான் சோறு போட மாட்டேன்" என்றாள் அக்காள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சோறும் போட்டாள். திரும்பி வரும்போது என் பையில் ஒரு புத்தகத்தையும் போட்டு அனுப்பினாள்.

அந்தப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். முடிவு இன்னதென்று முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அப்படியும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. நாயகனுக்குப் பணம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, நாயகியைப் பற்றி ஒரு தப்பெண்ணமும் இருக்கிறது. நாயகி பொறுத்துக்கொள்கிறாள். கடைசியில் உண்மை தெரிந்து, அந்த ஆண்பிள்ளை அவள் முன்னால் நின்று, தான் செய்தது தவறு என்று சொல்கிறான். அந்த இடத்துக்கு வந்தபோதுதான் எனக்கு அக்காளின் ஞாபகம் வந்தது. என் அத்தான் நல்ல மனிதர். குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஆனால் நாற்பது வருஷத்தில் அவர் யாரிடமும், முக்கியமாக அக்காளிடம், "தப்பு என்பேரில்தான்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக எங்கள் வட்டாரத்தில் எத்தனை பெண்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அடுப்பை அணைத்து, எல்லோரும் தூங்கின பிறகு விளக்கடியில் உட்கார்ந்திருப்பார்கள்! கூட்டத்தில் பேசியபோது எனக்கு இது தெரியாது. தெரியாமல் பேசினேன்.

அதற்காக என் ஆட்சேபணை ஓடிப்போய்விடவில்லை. அடுத்த தடவை போனபோது அக்காளிடம் சொன்னேன்: "அவன் மன்னிப்புக் கேட்கிறது சரி அக்கா. அதுக்காக அந்தப் பெண் இருநூறு பக்கம் கஷ்டப்படணுமா? அவன் கேட்டதும் உடனே மன்னிச்சிடறாளே, அது என்ன நியாயம்?"

அக்காள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது வாஸ்தவம்தான்" என்றாள். "மன்னிக்காம விட்டா எப்படி இருக்கும்னு நானும் ஒரொரு சமயம் நினைச்சிருக்கேன்."

நாற்பது வருஷத்தில் அக்காளும் நானும் அப்படிப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. மேடையில் நான் சொன்னதற்கும் அடுப்பங்கரையில் சொன்னதற்கும் கருத்தளவில் பெரிய வித்தியாசம் இல்லை. முதலாவது படிக்காமல் சொன்னது. இரண்டாவது படித்துவிட்டுச் சொன்னது. முதலாவதற்குக் கைதட்டல் கிடைத்தது. இரண்டாவதற்கு ஒரு பதில் கிடைத்தது.

படிக்காமல் ஏசுவது நம்மிடையே புதிய வழக்கம் இல்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் ஆரணி குப்புசாமி முதலியாரையும் ஜே. ஆர். ரங்கராஜுவையும் ஜனங்கள் விழுந்து விழுந்து படித்த காலத்திலும், மூக்கைச் சுளித்த பெரியவர்கள் உண்டு. 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாளையும் அறிவாளிகள் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அவர்கள் எழுதியதெல்லாம் அமரத்துவம் வாய்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவற்றை இன்று படிக்க முடியாது. ஆனால் 'படிக்க முடியவில்லை' என்று சொல்லுகிற உரிமை, படிக்க முயன்றவனுக்குத்தான் உண்டு.

இதுவரை சொன்னது என் பாதிக் குற்றம். மீதிப் பாதி இன்னும் வெட்கக்கேடானது.

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் தன் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்து, அணிந்துரை வேண்டும் என்று கேட்டான். மாத நாவல் பாணியில் ஒரு காதல் கதை. அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள் என்றான். எனக்கும் நேரம் இல்லை. இல்லை என்று சொல்லுகிற தைரியமும் இல்லை. நாற்பது பக்கம் படித்தேன். செல்வி என்று ஒரு பெண், பட்டு நூற்கிற இடத்தில் வேலை செய்கிறாள், நெஞ்சுரம் உள்ளவள். நல்ல தொடக்கம். அதற்குமேல் படிக்காமல், இரண்டு பக்கத்துக்கு மணமணக்க ஓர் அணிந்துரை எழுதினேன். "எத்தனை இடர் வந்தாலும் கதையின் இறுதிவரை கலங்காமல் நிற்கும் செல்வி, தமிழ் வாசகர் நெஞ்சில் நிலைத்து நிற்பாள்" என்று ஒரு வாக்கியம். எனக்கே அது மிகவும் பிடித்திருந்தது.

புத்தகம் வந்து சில மாதங்கள் கழித்து, தருமபுரி பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். கையைக் கூப்பினான்.

"அணிந்துரை நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க ஐயா."

"சந்தோஷம் தம்பி."

"ஒரு சின்ன விஷயங்க ஐயா. கோவிச்சுக்கக் கூடாது. செல்வி பதினோராவது அத்தியாயத்துலயே செத்துப்போயிடறா. அப்புறம் அவ தங்கச்சி கதைதாங்க."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "அதை ஏன் அப்படியே அச்சுப் போட்டாய்?" என்று கேட்டேன். குற்றம் செய்தவன் கேட்கிற கேள்விதான்.

"உங்க எழுத்தை நான் எப்படிங்க ஐயா திருத்துறது?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நீங்க படிச்சுப் பார்த்துட்டு, 'இது தேறாது, வேற வேலை பாரு'ன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு வருத்தம் இல்லைங்க. எங்கப்பா பட்டுக்கூடு வளர்க்கிறாருங்க. அங்காடிக்குக் கொண்டுபோனா, வியாபாரி கூட்டை அள்ளி, அமுக்கிப் பார்த்துட்டுத்தான் விலை சொல்லுவான். கம்மியாத்தான் சொல்லுவான். ஆனா பார்த்துட்டுச் சொல்லுவான்."

அவனுடைய பஸ் வந்துவிட்டது. மறுபடி கையைக் கூப்பிவிட்டு ஏறிப் போய்விட்டான். அவன் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் சேலம் பஸ்ஸில் ஏறினேன். அன்று கையில் மாத நாவல் இல்லை. பஸ் அதியமான்கோட்டையைத் தாண்டும்போது, பள்ளிக்கூடத்தில் உருப்போட்டு மறந்துபோன புறநானூற்றுப் பாட்டு ஒன்று திடீரென்று மனத்தில் எழுந்தது.

எங்கள் தருமபுரிதான் பழைய தகடூர். இங்கே இருந்து ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை குழந்தைக்கும் தெரியும். அவனைப் பற்றிய இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெருஞ்சித்திரனார் என்ற புலவர், குன்றுகளையும் மலைகளையும் கடந்து அவனைப் பார்க்க வந்தார். அதியமானுக்கு என்ன அவசர வேலையோ தெரியாது. அவரை நேரில் பார்க்காமலே, "இதைக் கொண்டு போகட்டும்" என்று பரிசு கொடுத்து அனுப்பினான். புலவர் அதைத் தொடவில்லை. புறநானூற்றின் 208ஆம் பாட்டு அவர் சொன்ன பதில். என்னைக் காணாமல் கொடுத்த இந்தப் பொருளை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி அல்ல. என் தரத்தை அறிந்து, விரும்பிக் கொடுத்தால் தினையளவு கொடுத்தாலும் எனக்கு இனிது என்பது அதன் கருத்து.

பரிசு சிறியது என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதியமான் கொடையில் குறை வைத்தவன் அல்ல. கொடுத்தவன் தன்னைப் பார்க்கவில்லை என்பதுதான் புலவரின் குறை. தினையளவு என்று அவர் சொன்னதன் பொருள், ராகியும் சாமையும் விளைகிற எங்கள் மண்ணில் நின்று பார்த்தால் நன்றாகப் புரியும். உள்ளங்கையில் ஒரு தினை மணியை வைத்தால் காற்று கொண்டுபோய்விடும். அவ்வளவு போதும், பார்த்துக் கொடு என்கிறார்.

என் அணிந்துரை அத்தகைய பரிசுதான். இரண்டு பக்கப் புகழ்ச்சி, எல்லாம் பொன். ஆனால் பார்க்காமல் கொடுத்தது. என் மேடைப் பேச்சும் அதே ஜாதிதான். அது பார்க்காமல் கொடுத்த தண்டனை. புகழ்ச்சியையும் ஏச்சையும் எதிர் எதிரான குணங்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரண்டும் என் ஒருவனிடமிருந்து, ஒரே சோம்பலிலிருந்து பிறந்திருக்கின்றன என்பதை அந்தப் பஸ்ஸில் கண்டுகொண்டேன்.

"அதற்காக ஒரு வாலிபனிடம் முகத்துக்கு நேரே உண்மையைப் போட்டு உடைத்து, அவன் பேனாவை ஒடித்துவிட வேண்டுமா? தாட்சண்யம் என்று ஒன்று இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். அந்தச் சலுகையின்கீழ் என் அணிந்துரையைக் கொண்டுவர முடியுமா என்று நானும் முயன்று பார்த்தேன். வள்ளுவர் சாதாரண நன்மை என்று சொல்லவில்லை; குற்றமில்லாத நன்மை என்கிறார். என் பொய்யால் யாருக்கு நன்மை? எனக்கு இரண்டு நாள் மிச்சமாயிற்று. பெரிய மனசுக்காரர் என்ற பெயரும் கிடைத்தது. அவனுக்குக் கிடைத்தது, தன் கதையை யாருமே படிக்கவில்லை என்ற அறிவு. என் பெயரை நம்பிக் காசு கொடுத்து வாங்கின வாசகர் ஒருவர் இருந்தால், அவருக்குக் கிடைத்தது ஏமாற்றம். வள்ளுவர் வீட்டு வாசலிலிருந்து தலை குனிந்து திரும்பினேன்.

தாட்சண்யத்துக்கு வேறு வழிகள் உண்டு. படிக்க நேரமில்லை என்றால், "நேரமில்லை" என்று சொல்லலாம். படித்துவிட்டுச் சொல்ல மனமில்லை என்றால், மௌனமாக இருக்கலாம்; மௌனம் சாதிப்பது பொய்யாகாது. சொல்லியே தீர வேண்டும் என்றால், அதற்கும் எங்கள் தகடூரிலேயே பாடம் இருக்கிறது. அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனாள். அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையோடு காட்டினான். இங்கே உள்ள ஆயுதங்கள் மாலை சூட்டி, நெய் பூசி, எவ்வளவு அழகாகக் காவலில் இருக்கின்றன; எங்கள் அரசனுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னாளாம். அதில் வசை ஒன்று இல்லை. ஆனால் எந்த ஆயுதம் போர் பார்த்தது என்பது கேட்டவனுக்கு விளங்கியிருக்கும். அவள் அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவளுடைய சாமர்த்தியம் மட்டும் இல்லை. இரண்டு ஆயுதசாலைகளையும் அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

1981இல், திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரில், நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்லும் பழைய தமிழிக் கல்வெட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதில் அவனுக்கு 'சத்தியபுத்திரன்' என்ற பொருள்படும் பட்டம் இருக்கிறது. அசோகரின் சாசனத்தில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் தேடினார்கள். விடை ஜம்பைப் பாறையில் இருந்தது. சத்தியத்தின் பிள்ளை என்று கல்லில் பெயர் வாங்கினவனும் ஒரு நாள் பார்க்காமல் பரிசு கொடுத்துவிட்டான். அவனுக்கே அந்தச் சறுக்கல் நேர்ந்ததென்றால், நான் எம்மாத்திரம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவன் வாசலில் திருப்பிக் கொடுக்க ஒரு பெருஞ்சித்திரனார் இருந்தார். என் வாசலுக்கு வந்தவன் பாவம், வாங்கி அச்சுப் போட்டுவிட்டான்.

ஆகவே எனக்கு நானே சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கதையைப் பற்றிப் பேசினால் எதுவரை படித்தேன் என்பதை முதலில் சொல்வது. எந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளினேன், எந்த இடத்தில் தூக்கத்தைத் தள்ளினேன் என்பதை மறைக்காமல் சொல்வது. ரசித்துவிட்டு ரசிக்கவில்லை என்று சொல்வதும் பொய்தான். ரசிக்காமல் ரசித்தேன் என்று சொல்வது மட்டுமே பொய் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிறகு, அந்தக் கதை என்ன தருவதாகச் சொன்னது, அதைத் தந்ததா என்று பார்ப்பது. பஸ் பிரயாணத்துக்குத் துணையாக வருகிறேன் என்று சொன்ன கதையிடம், நீ ஏன் எனக்கு மோட்சம் தரவில்லை என்று சண்டை போடுவது அழகல்ல. எல்லாவற்றுக்கும் கடைசியில், அது என்னை என்ன செய்தது என்று கேட்டுக்கொள்வது. செத்தவனுக்காக அழத் தோன்றாதபடி என்னை ஆக்கியதா? மன்னிப்புக் கேட்காத மனிதர்களை நினைக்கச் செய்ததா? இந்தக் கேள்வியை மட்டும் மேஜைமேல் இருக்கும் புத்தகத்திடமும் தலையணைக்கு அடியில் இருக்கும் புத்தகத்திடமும் ஒரே மாதிரி கேட்கலாம்.

அந்த இளைஞனின் நாவலை முழுவதும் படித்தேன். 216 பக்கம். படித்துவிட்டு அவனுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். செல்வியின் சாவு அவசரமாக வந்துவிட்டது என்று எழுதினேன். பின்பாதியில் தங்கை பேசுகிற பேச்சு, சினிமாவில் கேட்டது என்று எழுதினேன். 174ஆம் பக்கத்தில், அங்காடியிலிருந்து வந்த பணத்தைத் தாய் இரண்டு தடவை எண்ணுகிறாள். இவ்வளவுதானா என்று நம்ப முடியாமல் மூன்றாம் தடவை மகளிடம் கொடுத்து எண்ணச் சொல்கிறாள். அந்த ஒரு பக்கத்தை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமைப்பட்டேன் என்றும் எழுதினேன். நாற்பதாம் பக்கத்தோடு நிறுத்தினவனுக்கு 174ஆம் பக்கம் எப்படிக் கிடைக்கும்?

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. முதல் குறையை ஒப்புக்கொண்டிருந்தான். இரண்டாவதை மறுத்து ஒரு பக்கம் வாதாடியிருந்தான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில், "இரண்டாம் பதிப்பு வந்தால் அணிந்துரையை எடுத்துவிடட்டுமா ஐயா?" என்று கேட்டிருந்தான். எடுத்துவிடச் சொல்லி எழுதினேன்.

இரண்டாம் பதிப்பு இன்னும் வரவில்லை. சென்ற வாரம் நூலகத்துக்குப் போனபோது அலமாரியில் அந்தப் புத்தகத்தைக் கண்டேன். முன்னால் என் அணிந்துரை அப்படியே இருந்தது. பின்னட்டையில் ஒட்டியிருந்த தாளில், புத்தகம் வெளியே போன தேதிகளை எண்ணினேன். ஒன்பது பேர் படித்திருக்கிறார்கள். கலங்காமல் இறுதிவரை நிற்கும் செல்வியைப் பதினோராவது அத்தியாயத்தில் இழந்துவிட்டு, அந்த ஒன்பது பேரும் முன்பக்கத்தைப் புரட்டி, என் பெயரை மறுபடி ஒரு தடவை பார்த்திருப்பார்கள்.